உப்பு, சர்க்கரை, ஒரு வீரர்

வீரர் என்று சொன்னதும் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது?

பலருக்கு ஒரு சினிமா நடிகரின் முகம் வரும். சிலருக்குக் கிரிக்கெட் ஆட்டக்காரரின் முகம் வரும். இதில் வியப்பு இல்லை. அந்த முகங்களைத்தான் நாம் நாள் முழுதும் பார்க்கிறோம். பேருந்து நிலையச் சுவரில் அந்த முகம். சோப்பு விளம்பரத்தில் அந்த முகம். செல்போனைத் திறந்தால் அங்கும் அந்த முகம். படம் வெளியாகும் நாளில் தியேட்டர் வாசலில் மரத்தை விட உயரமாகக் கட்அவுட் நிற்கிறது. அதற்கு மாலை போடுகிறார்கள். குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்கள்.

நடிகரைப் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்து வந்தவருக்கு இரண்டரை மணி நேரம் பாட்டும் சிரிப்பும் சண்டையும் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். படத்தில் அவர் மாடியிலிருந்து குதிக்கிறார். கீழே மெத்தை இருக்கிறது. இடுப்பில் கயிறு இருக்கிறது. பல படங்களில் குதிப்பவர் அவரே இல்லை. அவரைப் போல உடை போட்ட டூப் கலைஞர் குதிக்கிறார். கை கால் ஒடிந்தால் அந்தக் கலைஞருக்குத்தான் ஒடியும். அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

இங்கே ஒரு மருத்துவரைப் பற்றிப் பார்ப்போம். அவர் முகம் எந்தச் சுவரிலும் இல்லை. ஆனால் அவர் பரப்பிய மருந்து உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். உங்கள் குழந்தையின் உயிரை அது காப்பாற்றியிருக்கலாம்.

அவர் பெயர் திலீப் மகலனாபிஸ்.

வாந்தி பேதி

முதலில் நோயைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

காலரா நோயை நம் பாட்டி தாத்தா காலத்தில் வாந்தி பேதி என்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் இது பரவும். அரிசி கழுவிய நீர் போலப் பேதி போகும். நிற்காமல் போகும். கூடவே வாந்தி வரும். கண் குழி விழும். நாக்கு வறளும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இறந்துபோவதும் உண்டு.

அவரைக் கொன்றது எது? கிருமி என்று சொல்வோம். அது பாதி உண்மைதான். உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும் வெளியே போய்விட்டன. அதனால்தான் உயிர் போனது. போன தண்ணீரையும் உப்பையும் உடனே திரும்பக் கொடுத்தால் அவர் பிழைத்துக்கொள்வார்.

எப்படிக் கொடுப்பது? அந்த நாட்களில் மருத்துவர்கள் ஒரே ஒரு வழியைத்தான் நம்பினார்கள். ரத்தக் குழாயில் ஊசி குத்தி, பாட்டிலில் உள்ள உப்பு நீரை ஏற்றினார்கள். சலைன் ஏற்றுவது என்று சொல்கிறோமே, அதுதான். நல்ல வழிதான். ஆனால் அதற்குப் பாட்டில் வேண்டும். ஊசி வேண்டும். குத்தத் தெரிந்த ஆள் வேண்டும்.

வாயால் குடித்தால் போதாதா? வெறும் தண்ணீர் குடித்தால் பேதியோடு போய்விடும். உப்புத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் அப்படித்தான். ஆனால் நம் குடலில் ஒரு விந்தை இருக்கிறது. உப்போடு சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும்.

இதைப் பலர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 1953-ல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே நீர் கொடுத்துப் பார்த்து, அதைப் பற்றி எழுதினார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கவனமாக அளந்து கொடுத்து, பயன் உண்டு என்று காட்டினார்கள். ஆனால் அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. பக்கத்திலேயே மருத்துவரும் நர்சும் இருந்தார்கள். கூட்டம் நெரியும் இடத்தில், படிக்காத மக்கள் கையில் இதைக் கொடுக்கலாம் என்று சொல்லப் பலருக்குத் துணிவு இல்லை.

பன்காவ், 1971

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. அதுதான் இன்றைய வங்கதேசம். உயிருக்குப் பயந்து சுமார் 1 கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். கையில் குழந்தை, தலையில் ஒரு மூட்டை. அவ்வளவுதான். மழைக்காலம் வேறு. முகாம்களில் போதிய கழிவறை இல்லை. நல்ல தண்ணீர் இல்லை. காலரா பரவியது.

மேற்கு வங்கத்தில் எல்லையை ஒட்டிய ஓர் ஊர் பன்காவ். அங்கே இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஜூன் மாதம் மகலனாபிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர். லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் ஊர் திரும்பி, கல்கத்தாவில் காலரா ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

நோயாளிகளுக்கு என்று இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பிவிட்டன. தரையிலும் நோயாளிகள் படுத்துக் கிடந்தார்கள். ஒருவருக்கு ஊசி போட வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் போட வேண்டும். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊசி போடத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். சலைன் பாட்டில்களோ தீர்ந்துகொண்டே வந்தன.

அவர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்? "மருந்து கேட்டு எழுதினேன், வரவில்லை" என்று சொல்லிவிடலாம். அதில் பொய் இல்லை. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு வழியும் இருந்தது. உப்பு சர்க்கரைக் கரைசலை எல்லாருக்கும் கொடுப்பது. ஆனால் இத்தனை பெரிய கூட்டத்தில் அதைச் செய்து பார்த்தவர் இல்லை. அதனால் ஏதாவது கேடு வந்தால் பழி முழுதும் அவர் தலையில் விழும்.

அவர் இரண்டாவது வழியை எடுத்தார்.

கல்கத்தாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பொட்டலம் கட்டத் தொடங்கினார்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பொட்டலங்கள் பன்காவுக்குப் போயின. அங்கே டிரம்களில் தண்ணீர் நிரப்பிக் கரைத்தார்கள். டிரம்மில் குழாய் இருந்தது. குவளையை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

யார் ஊட்டுவது? இத்தனை நோயாளிகளுக்கு நர்சு எங்கே இருக்கிறார்? தாய் ஊட்டினாள். அண்ணன் ஊட்டினான். பாட்டி ஊட்டினாள். நோயாளியோடு வந்த சொந்தக்காரர்களே மருத்துவ வேலையைச் செய்தார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களை நம்பி உயிரை ஒப்படைத்தார் அந்த மருத்துவர்.

மக்கள் முதலில் நம்பவில்லை. சலைன் ஏற்றினால்தான் பிழைப்பார் என்று நினைத்தார்கள். குடிக்கிற தண்ணீரா உயிரைக் காக்கும் என்று தயங்கினார்கள். அதனால் அதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் வைத்தார்கள். சலைன் என்ற சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு நம்பிக்கை வந்தது. சின்னத் தந்திரம்தான். ஆனால் மக்கள் மனம் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

8 வாரங்களில் சுமார் 3,700 நோயாளிகளைக் கவனித்தார்கள். இந்தக் கரைசல் இல்லாத முகாம்களில் 100 நோயாளிகளில் 20 பேர், 30 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பன்காவில் அது 4 பேருக்கும் கீழே குறைந்தது. கரைசல் செய்யும் முறையை ஒரு ரகசிய வானொலி வழியாக எல்லைக்கு அப்பாலும் சொன்னார்கள்.

கையிலிருந்து கைக்கு

மகலனாபிஸ் தம் அனுபவத்தை எழுதினார். 1973-ல் அது அச்சில் வந்தது. பல மருத்துவர்கள் அப்போதும் நம்பவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த தீமன் பருவா நேரில் முகாமுக்கு வந்து பார்த்தவர். அவர் இதை மற்ற நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். 1978-ல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழே இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக் கருதலாம் என்ற பொருளில் எழுதியது.

வங்கதேசத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சில நாள் கழித்து வேறு ஒருவர் வந்து தாய்மாரைக் கேள்வி கேட்பார். தாய் சரியாகச் சொன்னால்தான் கற்றுக்கொடுத்தவருக்கு முழுச் சம்பளம்! கண்டிப்பான ஏற்பாடுதான். அதனால் பாடம் மனத்தில் பதிந்தது. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பெயர்ப் பலகையிலும் இல்லை.

சினிமா வீரர் தனியாக வந்து எல்லாரையும் காப்பாற்றுவார். கடைசிக் காட்சி வரை அவர் வேண்டும். பன்காவ் மருத்துவர் தம் வித்தையைத் தாய்மார் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் இல்லாத இடத்திலும் குழந்தைகள் பிழைத்தன. இந்தக் கரைசலால் உலகம் முழுதும் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

1980-ல் நடிகர் உத்தம் குமார் இறந்தபோது கல்கத்தாத் தெருக்களில் மக்கள் வெள்ளம் திரண்டது. அவர் நல்ல நடிகர். மக்கள் அழுததில் பிழை இல்லை. அதே நகரில் 2022 அக்டோபர் 16-ல் மகலனாபிஸ் தம் 87-வது வயதில் இறந்தார். அப்படிக் கூட்டம் எதுவும் கூடவில்லை. 2023 ஜனவரியில் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கொல்கத்தாவில் தாம் வேலை பார்த்த குழந்தைகள் மருத்துவமனைக்கு 1 கோடி ரூபாய் கொடுத்திருந்தார்.

நம் வீட்டில்

ஓ.ஆர்.எஸ். என்று நாம் வாங்கும் பொட்டலம் இந்த வழியில் வந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிராமத்தில் ஆஷா ஊழியரிடமும் கேட்கலாம். பெரிய பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலத்துக்கு 200 மில்லி தண்ணீர். எது என்று பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்துக் கரையுங்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். பாலிலோ குளிர்பானத்திலோ கரைக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு, சர்க்கரை அதிகமான பானங்களைச் சில கம்பெனிகள் விற்றன. அட்டைப் பெட்டி அழகாக இருக்கும். பேதி உள்ள குழந்தைக்கு அது கேடு செய்யும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. டீ கலக்கும் கரண்டியால் தலை தட்டி அளக்க வேண்டும். உப்புக் கூடிவிடக் கூடாது. கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் கொடுங்கள். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை. பெரிய குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். அதை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் விடக் கூடாது.

குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடக்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? அழுதால் கண்ணீர் வரவில்லையா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போகிறதா? மலத்தில் ரத்தம் இருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தையால் விழுங்க முடிந்தால், போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.