இருமினால் சிறுநீர் கசிகிறதா? மாத்திரை வாங்கும் முன்...

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களில் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடாதவர்கள் உண்டு. தும்மினாலோ, பாரம் தூக்கினாலோ துணி நனைந்துவிடுமே என்ற பயம் அதற்கு ஒரு காரணம். "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு. தண்ணீரைக் குறைத்தால் எரிச்சலும் தொற்றும்தான் வரும்.

எந்த மாத்திரை எதற்கு?

அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறை போவதற்குள் கசிவது ஒரு வகை. சாலிஃபெனாசின், ஆக்சிபியூட்டினின் போன்றவை அதற்கானவை. இருமும்போது கசிவது வேறு. அதற்கு இவை பயன்படாது.

இருமல் கசிவுக்கு டுலாக்செடின் என்ற மாத்திரையை ஐரோப்பா 2004-இல் அனுமதித்தது. அமெரிக்காவிலோ, தயாரித்த நிறுவனமே 2005-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நம் ஊரில் இதைப் பெரும்பாலும் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும்தான் எழுதுகிறார்கள். கசிவைக் குறைக்கலாம், முழுதாகக் குணமாக்குவது அரிது. குமட்டல், வாய் வறட்சி, தூக்கமின்மை வரலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும், கசிவும் கூடும். நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து கேளுங்கள்.

முதல் சிகிச்சை பயிற்சியே

சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை உள்ளிழுத்துச் சில நொடி நிறுத்தி, தளர்த்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஒரு வேளைக்கு 8 முறை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். சரியான தசைதானா என்று மகளிர் நோய் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமை

மாத்திரையின் பெயர், காரணம், பக்கவிளைவு, மாற்று வழி ஆகியவற்றைப் புரியும்படி கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. டுலாக்செடினைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை தருவது தொழிற்சாலையின் சட்டக் கடமை. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருந்தகத்தில் தொடங்கி அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைவரை போகலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை கேட்க 104-ஐ அழைக்கலாம்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், காலில் திடீர் மரத்துப்போதல் இருந்தால் அன்றே போங்கள். மற்றவர்கள் இந்த வாரமே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.