சென்னை ஓவிய இயக்கமும் கலைத் திறனாய்வின் மொழியும்

முன்னுரை

புதிய கலை தோன்றும்போதே அதற்குரிய சொற்களும் உடன் தோன்றுவதில்லை. அச்சொற்களை ஆக்கித் தருவோர் திறனாய்வாளர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் இப்பணி தெளிவாகப் புலப்படுகிறது. 1951இல் இளங்கலைஞர் குழு ஒன்றுக்குச் ‘சோதனைப் பட்டறை’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியவர் கவிஞரும் திறனாய்வாளருமான தகிகுச்சி ஷூசோ. யோமியூரி நாளிதழ் நடத்திய கண்காட்சியில் 1960இல் இடம்பெற்ற குடோ தெட்சுமியின் படைப்பை ‘எதிர்கலை’ என்று அழைத்தவர் தோனோ யோஷியாகி. பெயர்களும் அவற்றையொட்டிய விவாதங்களும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தன. சென்னை ஓவிய இயக்கத்தின் நிலை இதனின்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டையும் அதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆங்கிலவழித் திறனாய்வு

கே.சி.எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1961இல் தொடங்கப்பெற்ற அதன் இதழான ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. இவ்வியக்கத்தின் முதன்மைத் திறனாய்வாளரான ஜோசப் ஜேம்ஸ், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர். அவரும் ஆங்கிலத்திலேயே எழுதினார். 1993இல் அவர் பதிப்பித்த சிற்ப நூலின் தலைப்பிலுள்ள ‘மெட்ராஸ் மெட்டஃபர்’ என்னும் தொடர் இயக்கத்தைச் சுட்டவும் வழங்கலாயிற்று. பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை எழுத்தையே ஓவியமாக்கியது. எனினும் அதனைக் குறித்த உரையாடல் பெரும்பாலும் ஆங்கில வாசகரோடு நின்றது.

தமிழ்ச் சிற்றிதழ்களின் பங்கு

இவ்விடைவெளியைத் தமிழில் நிரப்ப முனைந்தோர் இலக்கியவாதிகளே. 1970இல் தொடங்கிய ‘கசடதபற’ இதழில் புதுக்கவிதையோடு ஆதிமூலத்தின் கோட்டோவியங்களும் இடம்பெற்றன. வெங்கட் சாமிநாதன் இலக்கியம், ஓவியம், நாடகம், கூத்து ஆகியவற்றை ஒரே பண்பாட்டின் கூறுகளாகக் கொண்டு மதிப்பிட்டார். இந்திரன் நவீன ஓவியம் குறித்துத் தொடர்ந்து எழுதினார். 1973இல் மறைந்த சோழமண்டல ஓவியர் கே. இராமானுஜத்தின் வாழ்வு, சி. மோகனின் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ நாவலுக்குக் கருவாயிற்று.

இலக்கியத்தின் வழியே நிகழ்ந்த இவ்வறிமுகத்தால் நிறையும் குறையும் விளைந்தன. நவீன ஓவியம் தமிழ் வாசகரை அடைந்தது. ஆயின் கதைக்கும் கவிதைக்கும் உடன்வரும் படமாகவே பெரிதும் அறியப்பட்டது. கலைஞரின் வாழ்வையும் உணர்வையும் பேசும் மொழி வளர்ந்த அளவுக்கு, வண்ணம், பரப்பு, வெளி ஆகியவற்றைப் பகுத்தாராயும் கலைச்சொற்கள் வளரவில்லை.

முடிவுரை

சென்னை இயக்கத்தின் திறனாய்வு இரு மொழிகளில், இரு வேறு வாசகர்களை நோக்கி எழுந்தது. கண்காட்சிக் கையேடுகளையும் ஆங்கில நூல்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு அவ்வரலாற்றின் ஒரு பாதியையே காணும். சிற்றிதழ்களின் அட்டைகள், கோட்டோவியங்கள், கட்டுரைகள் ஆகியவற்றையும் கலை வரலாற்று மூலங்களாகத் தொகுத்தாராய்வது இன்றியமையாதது. தமிழ்க் கலைத் திறனாய்வுக்குரிய சொற்களஞ்சியத்தை உருவாக்கவும் அத்தொகுப்பே அடித்தளமாகும்.