தறிச் சத்தமும் நாகஸ்வரமும்

தறிச் சத்தம் ஓசையா, இரைச்சலா? பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் வேலை செய்கிற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தறி நின்றுபோனால்கூட, திரும்பாமலே கண்டுபிடித்துவிடுவார். நமக்கு இரைச்சல், அவருக்குப் பழகிய ஓசை.

ஆனால் பழகியது மனசுக்குத்தான். நம் உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாக நுண்ணிய மயிர்ச் செல்கள். பிடித்த நாகஸ்வரமா, பிடிக்காத தறியா என்று அவற்றுக்குத் தெரியாது. எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. பலத்த சத்தத்தில் செத்துப்போன மயிர்ச் செல் மறுபடி முளைப்பதே இல்லை.

கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேசவேண்டிய இடமா? அங்கே காதில் இயர் பிளக் இருக்கட்டும், அண்ணா!