கறுத்த பழம், பச்சை எண்ணெய்: ஏன்?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கருநீலத் தோலைக் கசக்கி, ஒரு பாதியை வெந்நீரிலும் மறுபாதியை நல்லெண்ணெயிலும் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சிவக்கும், எண்ணெய் அசைந்து கொடுக்காது. தோலின் நிறமி ஆந்தோசயனின். அதன் மூலக்கூறில் சர்க்கரை ஒட்டியிருப்பதால் அது தண்ணீரோடுதான் சேரும். பச்சையமும் கரோட்டினாய்டுகளும் நேர்மாறு: எண்ணெய்தான் அவற்றுக்குப் புகலிடம். முழுக்கக் கறுத்த ஆலிவ் பழத்தை ஆட்டினாலும் எண்ணெய் பச்சையும் மஞ்சளுமாக வருவது இதனால்தான்.

திராட்சை விதை எண்ணெயும் வெளிர்பச்சைதானே, அதையும் சான்றாகக் காட்டலாமே என்பார்கள். காட்டக்கூடாது. விதையில் ஆந்தோசயனின் கிடையாது. இல்லாதது எப்படி இறங்கும்? ஆலிவின் கதை வேறு. அங்கே தோல், சதை, கொட்டை எல்லாம் ஒன்றாக அரைபடுகின்றன. ஆந்தோசயனின் எண்ணெயைத் தொட்டும் அதில் கரையாமல், பழச்சாற்று நீரோடு போய்விடுகிறது. அப்படியானால் பச்சை மிகுந்த எண்ணெயே உயர்ந்ததா? அதுவும் இல்லை. காயாகப் பறித்தால் பச்சை கூடும், அவ்வளவே. பச்சையம் வெளிச்சத்தை உறிஞ்சி எண்ணெய் சிக்கடிப்பதை விரைவுபடுத்தும். கருங்கண்ணாடிப் புட்டிக்கு அதுவும் ஒரு காரணம். நிறம் மனதை மயக்கக் கூடாதென்றே, தேர்ந்த சுவைஞர்கள் ஆலிவ் எண்ணெயை நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி முகர்கிறார்கள். செக்கு எண்ணெயை நிறம் பார்த்து வாங்கும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.