பாத என்பு முறிந்தால்: பிளாஸ்ரரா? சத்திரசிகிச்சையா?

வயல் வரம்பில் கால் பிரண்டு விழுவது எமது மக்களுக்குப் புதிதல்ல. "சுளுக்குத்தானே, எண்ணெய் போட்டு உருவினால் சரி" என்று இரண்டு கிழமை நொண்டி நடப்பார்கள். வீக்கம் வற்றாதபோதுதான் வைத்தியசாலையின் நினைவு வரும். அங்கு எக்ஸ்றே எடுத்ததும் பாத என்பு முறிந்திருப்பது தெரியவரும். ஒருவரைக் கட்டுத் துணியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மற்றவருக்குப் பிளாஸ்ரர் போடுகிறார்கள். மூன்றாமவருக்குச் சத்திரசிகிச்சை என்கிறார்கள். "ஒரே முறிவுக்கு ஏன் மூன்று வைத்தியம்?" என்று விசுவமடுப் பக்கத்தில் எம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவை ஒரே முறிவு அல்ல.

எங்கே முறிந்தது?

உங்கள் பாதத்தின் வெளி ஓரத்தை, சின்னிவிரலிலிருந்து குதிக்கால் நோக்கித் தடவிப் பாருங்கள். நடுவழியில் ஒரு மேடு தட்டுப்படும். சின்னிவிரலுக்குப் பின்னால் உள்ள நீளமான என்பின் அடிப்பகுதி அது. கால் உட்புறமாகப் பிரளும்போது பெரும்பாலும் முறிவது இவ்விடமே.

அந்த மேட்டின் நுனி மாத்திரம் பிய்ந்திருந்தால் அச்சம் வேண்டாம். அங்கு இரத்த ஓட்டம் நன்றாக உண்டு. இறுக்கமான கட்டும் தடித்த அடியுள்ள சப்பாத்தும் போதும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமைகளில் குணமாகும். வலி தாங்கும் அளவுக்கு நடக்கவும் விடுவார்கள்.

நுனியைத் தாண்டி, சற்று விரல் பக்கமாக முறிந்தால் கதை வேறு. அவ்விடத்துக்கு வரும் இரத்தம் குறைவு. வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாததுபோல, அங்கு என்பு பொருந்தத் தாமதமாகும். சிலருக்குப் பொருந்தாமலே போகும். இவ்வகை முறிவை 1902இல் விபரித்தவர் றொபேட் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். நடனமாடும்போது முறிந்த அவரது சொந்தக் காலும் அவர் எழுதியவற்றுள் ஒன்று. அவருக்கு ஆசானாயிருந்த மாமா பரம்பரை முறிவு வைத்தியர் குடும்பத்தவர். ஆகவே நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பேசுவது எமது நோக்கமல்ல. ஆனால் முறிவு எந்த இடத்தில் என்பதை எக்ஸ்றே காட்டுமே தவிர, விரல் காட்டாது. முறிவு இருக்கும்போது எண்ணெய் போட்டு உருவுவது தீமையே செய்யும்.

இரண்டு வழிகள்

பிளாஸ்ரர் வைத்தியத்தில் வெட்டுக் காயமில்லை, மயக்க மருந்தில்லை. ஆனால் இவ்வகை முறிவுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகள் அந்தக் காலை நிலத்தில் ஊன்றாமல், ஊன்றுகோலுடன் இருக்குமாறு வழக்கமாகக் கூறுவார்கள். அதன் பின்பும் பொருந்தாவிட்டால் மேலும் காத்திருக்க வேண்டும், அல்லது சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டும்.

சத்திரசிகிச்சையில் என்பின் உள்ளே நீளவாக்கில் ஒரு திருகாணியைச் செலுத்தி இரு துண்டுகளையும் இறுக்குவார்கள். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகைப் புது முறிவுள்ள 37 பேரை இரு பிரிவாக்கினார்கள். பிளாஸ்ரர் போட்ட 18 பேரில் 8 பேருக்கு வைத்தியம் சரிவரவில்லை. திருகாணி வைத்த 19 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. என்பு பொருந்த முதற் பிரிவுக்கு நடுமட்டாகப் பதினாலரைக் கிழமைகளும், இரண்டாம் பிரிவுக்கு ஏழரைக் கிழமைகளும் சென்றன. ஆனால் அவர்கள் இராணுவ சேவையில் இருந்த உடற்பலம் உள்ளவர்கள் என்பதையும் மறக்கலாகாது. சத்திரசிகிச்சையில் காயம் சீழ்ப்பிடிக்கலாம், நரம்பு பாதிக்கப்பட்டு விறைக்கலாம், திருகாணி உறுத்தலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூட.

எமது நிலையில் எப்படித் தீர்மானிப்பது?

2009இல் எல்லாவற்றையும் இழந்து, காணியை மீண்டும் திருத்தி எழும்பிய குடும்பங்கள் நாம். எத்தனையோ வீடுகளில் தாய் ஒருத்தியே உழைப்பாளி. பெரும்போக விதைப்பு நேரத்தில் எட்டுக் கிழமை காலை ஊன்றாதே என்றால், பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வரும்? அதனால்தான் பிளாஸ்ரரோடு சேற்றில் இறங்குகிறார்கள். என்பு பொருந்தாமல் அடுத்த போகத்தையும் இழக்கிறார்கள்.

ஆகவே வைத்தியரிடம் வெட்கப்படாமல் உங்கள் வீட்டு நிலையைச் சொல்லுங்கள். தண்ணீர் அள்ளுவது யார், மலசலகூடம் எவ்வளவு தூரம், ஓய்வெடுக்க முடியுமா என்பதும் இத்தீர்மானத்தில் அடங்கும். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முறிவு நுனியிலா, அதற்கு அப்பாலா? எத்தனை கிழமை ஊன்றக்கூடாது? பொருந்தாவிட்டால் அடுத்தது என்ன? அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் திருகாணி வைத்தாலும் சில கிழமை ஓய்வு வேண்டும். அது என்பைப் பிடித்து வைக்குமே தவிர, பொருந்த வைப்பது உடல்தான்.

கவனிக்க வேண்டியவை

பிளாஸ்ரரை நனைய விடாதீர்கள். அரித்தால் குச்சி விடாதீர்கள். காலை உயர்த்தி வைத்திருங்கள். விரல்கள் நீலமானால், விறைத்தால், வலி தாங்க முடியாமல் கூடினால், அல்லது கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரவானாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காயத்தினூடே என்பு தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். புகைப்பதை நிறுத்துங்கள், அது என்பு பொருந்துவதைத் தாமதிக்கும். வேறிடம் செல்வதானால் கிளினிக் கொப்பியையும் எக்ஸ்றேயையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அயலவருக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் கால் முறிந்தால், அந்த வயலை விதைக்க நாலு பேர் ஒரு நாள் சென்றால் போதும். பிளாஸ்ரரோ திருகாணியோ, எதுவானாலும் அந்தக் காலுக்கு வேண்டிய ஓய்வை நாமே கொடுக்க முடியும்.