விசாவுல இருக்கும்போது ஊர் வீட்டுக் கடனை மாத்தலாமா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஊர்ல வீட்டுக் கடன், வேலை வெளிநாட்டுல. "வட்டி கம்மி, எங்ககிட்ட வாங்க"னு வேற ஒரு பேங்க் கூப்பிடுது. போகலாமா?

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் வீடு, அப்பா அம்மா அங்க இருக்காங்க. கடன் வாங்கின பிள்ளை டல்லாஸ்ல, எச்-1பி விசாவுல. பாக்கி 40 லட்சம், இன்னும் 15 வருஷம், வட்டி 9 சதவீதம். மாசத் தவணை சுமார் 40,570 ரூபாய். புது பேங்க் 8 சதவீதம் சொல்லி, தவணை 33,460தான்னு ஒரு பேப்பரை நீட்டுது. மாசம் 7,000 மிச்சம், யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தப் பேப்பர்ல வருஷக் கணக்கைப் பாருங்க. 15 வருஷம் 20 ஆகியிருக்கும். பழைய கணக்குல மொத்தம் கட்டுறது 73 லட்சம், புதுசுல 80 லட்சம். வட்டி குறைஞ்சும் 7 லட்சம் கூட கட்டுறோம்! அதே 15 வருஷம்னா தவணை 38,226. உண்மையான மிச்சம் மாசம் 2,345 ரூபாய்தான்.

அடுத்து, மாத்துற செலவு. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்னாடியே முடிச்சா அபராதம் கிடையாது, அது ரிசர்வ் வங்கி விதி. ஆனா புது பேங்க்ல பத்திரத்தை ஒப்படைக்கிறதைப் பதிவு பண்ணணும். முத்திரைத்தீர்வை கடன்ல அரை சதவீதம்னா 20,000. பதிவுக் கட்டணம், வக்கீல் ஃபீஸ், பிராசசிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 50,000 ஆகுதுனு வைங்க. அதைத் திரும்ப எடுக்கவே 22 மாசம் ஆகும்.

அதனால முதல்ல இருக்கிற பேங்க்கிட்டயே கேளுங்க. 2019 அக்டோபருக்கு முன்னாடி வாங்கின கடன்னா, ரெப்போ வட்டியோட இணைஞ்சதா மாத்தித் தரச் சொல்லலாம். பத்திரம் இடம் மாறாது, அப்பாவும் பத்திர ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

மாத்தியே ஆகணும்னா அப்பா பேர்ல பவர் எழுதணும். வெளிநாட்டுல எழுதின பவர் இந்தியா வந்து மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத்தீர்வை கட்டணும். கடன் முழுசா முடிஞ்ச 30 நாளுக்குள்ள பழைய பேங்க் மூலப் பத்திரத்தைத் தரணும். அவங்க பக்கம் தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கணும்.

இன்னொரு ஆசையும் வரும். "தம்பி, பக்கத்துல ரெண்டு மா வயல் விலைக்கு வருது, கூடக் கொஞ்சம் கடன் போட்டு வாங்கிடலாமா?"னு அப்பா கேட்பார். முடியாது. வெளிநாட்டுல வசிக்கிறவங்க இங்க விவசாய நிலம் விலைக்கு வாங்க ஃபெமா சட்டம் அனுமதிக்காது. வாரிசாக வந்தா வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியா, விசா. எச்-1பில வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் கெடு. அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைனா பெரும்பாலும் கிளம்பணும். சிங்கப்பூர், துபாய்னா நாள் கணக்கு மாறும், கவலை ஒண்ணுதான். நம்ம பக்கம் ஒத்தினு ஒண்ணு உண்டு. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலா வயலை அனுபவிப்பார், விளைச்சல் பொய்ச்சா நஷ்டம் அவரோடது. பேங்க் தவணை அப்படி இல்ல. ஜூன் 12ல மேட்டூர் திறந்தாலும் திறக்காட்டாலும், உங்க வேலை இருந்தாலும் போனாலும், மாசம் பொறந்தா பணம் கட்டியாகணும்.

அதனால டாலர் சம்பளத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நாளைக்கே ஊர் திரும்பி சென்னையிலயோ திருச்சியிலயோ வேலைக்குப் போனா, அந்தச் சம்பளத்துல 38,226 கட்ட முடியுமா? ஆறு மாசத் தவணை, அதாவது சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம், என்ஆர்இ கணக்குல தனியா இருக்கா? ரெண்டுக்கும் ஆமாம்னா, வருஷத்தைக் கூட்டாம தாராளமா மாத்துங்க. இல்லைனா பேங்க் மாத்துறதைத் தள்ளிப்போடுங்க. முதல்ல அந்த ஆறு மாசப் பணத்தைச் சேருங்க. அதுக்கு மேல மிச்சமாகுற டாலரை அசல்ல கட்டிட்டே வாங்க. ஊர்ல அப்பா அம்மா நிம்மதியா தூங்கறதுக்கு அதுதான் வழி.