கடலுக்குப் போற பொண்ணு என்ன உடுத்துவா?



"பாலக்கோட்டுக்காரிக்கும் கடலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். எங்க ஊர்ல தக்காளி மண்டி உண்டு, சர்க்கரை ஆலை உண்டு, மாந்தோப்பு உண்டு. தண்ணீர் என்றால் பஞ்சப்பள்ளி அணை, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒகேனக்கல். கடலைக் கண்ணால் பார்க்கக் கிருஷ்ணகிரி, வேலூர் எல்லாம் தாண்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் இப்போது வீட்டுக்கு ஒரு பெண் சென்னையில் படிக்கிறாள், இல்லை வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு கோவளம் போகிறாள், மாமல்லபுரம் போகிறாள். அங்கே பலகை மேல் நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வருகிறார்களே, அந்த 'சர்ஃபிங்'கைப் பார்க்கிறாள். அன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் வருகிறது: "நானும் கத்துக்கட்டுமா?"

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு போன் வந்தது. கேட்டவள் என் நாத்தனார் மகள். சின்ன வயசில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, எங்கள் வயல் கிணற்றில் நீச்சல் பழகியவள். மோட்டார் ரூம் மேலேயிருந்து குதிப்பாள். வயசுக்கு வந்ததும், "இனிமே கிணத்துப் பக்கம் போகக் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். நம்ம பக்கத்தில் எத்தனை பெண்களுக்கு நீச்சல் அந்த வயசோடு முடிந்துபோகிறது, யோசித்துப் பாருங்கள்.

நாத்தனார் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடல் ஆழமாச்சே, அலை பெரிசாச்சே என்று சொல்லியிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். அவர் கேட்டது, "ஏம்மா, அந்த டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால நிக்கணுமா?" என்றுதான். உயிரைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது, உடுப்பைப் பற்றிப் பத்துக் கேள்வி! "சுடிதார் போட்டுக்கிட்டுக் கத்துக்கட்டும், இல்லேன்னா வேண்டாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். அவர் பத்திரம் என்று நினைத்த சுடிதார்தான் கடலில் மிகவும் ஆபத்தான உடுப்பு.

பருத்தித் துணி தண்ணீரைக் குடிக்கும், கனக்கும் என்பது துணி துவைக்கிற நமக்குத் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே தொல்லை வேறு மாதிரி. அலை வரும்போதும் போகும்போதும் தொளதொள துணி பாய் மாதிரி விரிந்து, தண்ணீர் போகும் பக்கம் ஆளையும் சேர்த்து இழுக்கும். பேன்ட் காலில் சுற்றும், டாப்ஸ் முகத்தில் ஏறி மூடும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். எழுந்து நிற்கும்போதுதான் கனமெல்லாம் ஒன்றாக இறங்கும். புடவையைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு விடுமுறையிலும் சுற்றுலாப் போன இடத்தில் கால் நனைக்க இறங்கியவர்கள் போன செய்தியைப் பேப்பரில் படிக்கிறோம். இடுப்பளவு தண்ணீர்கூட அதற்குப் போதும்.

சரி, அப்படியானால் சினிமாவில் வருகிற மாதிரி இரண்டு துண்டு உடைதான் போட வேண்டுமா? இல்லவே இல்லை. அதுதான் அண்ணாவுக்குத் தெரியாத சேதி. புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த உடை சரிப்பட்டே வராது. நாள் முழுக்கப் பலகையில் குப்புறப் படுத்து, எழுந்து, விழுந்து பழகுகிறவர்களுக்கு வயிறும் நெஞ்சும் முட்டியும் உராய்ந்து தோல் சிவந்துவிடும். வழுக்காமல் இருக்கப் பலகையில் மெழுகு தேய்த்திருப்பார்கள், அதில் மணலும் ஒட்டியிருக்கும். உப்புத் தாள் மாதிரி இருக்கும்! அதற்காகவே 'ராஷ் கார்டு' என்று முழுக்கை வைத்த, உடம்போடு ஒட்டிய சட்டை வந்திருக்கிறது. கூடவே கணுக்கால் வரைக்கும் நீச்சல் லெக்கிங்ஸ். இரண்டும் நைலான் அல்லது பாலியெஸ்டரோடு லைக்ரா கலந்த துணி. தண்ணீர் குடிக்காது, சீக்கிரம் காயும், வெயிலும் தாக்காது. கழுத்திலிருந்து கால் வரை மூடியிருக்கிறது, இதில் யாருக்கு என்ன குறை? தலையையும் மறைக்க விரும்புகிறவர்களுக்கு 2004-லேயே ஆஸ்திரேலியாவில் அஹெதா ஜனெட்டி என்ற, லெபனானில் பிறந்த பெண்மணி 'புர்கினி' வடிவமைத்திருக்கிறார்.

வாங்கும்போது சில விஷயங்கள் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது போட்டால் இறுக்கமாக இருக்க வேண்டும். நனைந்தால் கொஞ்சம் தளரும். "வளர்ற பொண்ணு, ஒரு சைஸ் பெரிசாவே இருக்கட்டும்" என்கிற நம் வழக்கம் இதற்கு உதவாது. நிறம் ஆரஞ்சு, பளிச் மஞ்சள், பளிச் சிவப்பு என்று இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் சாம்பலும் தண்ணீரோடு கலந்து, ஆள் இருப்பதே தெரியாது. ஒரு கடையில் நாங்கள் கேட்டபோது சாதாரண ஜிம் லெக்கிங்ஸை எடுத்து வைத்து, "இதுவும் லைக்ராதாங்க, கடலுக்குப் போடலாம்" என்று அடித்துச் சொன்னார்கள். புரட்டிச் சீட்டைப் பார்த்தால் முக்கால்வாசி காட்டன்! சகோதரிகளே, சீட்டைப் படிக்காமல் காசை எடுக்காதீர்கள். உலோக ஜிப், சேஃப்டி பின், நீளமாகத் தொங்கும் நாடா எதுவும் வேண்டாம். கொலுசு, வளையல், தொங்கட்டான், கழுத்துச் சங்கிலி எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். தலையை இறுகப் பின்னிவிடுங்கள்.

முதல் பத்து வகுப்புக்கு இவ்வளவு போதும். நுரை அலையை விட்டு, உடையாத அலைக்குத் துடுப்புப் போடுவது போலக் கையால் வலித்துப் போகிற அளவு தேறியவர்களுக்கு இன்னொரு சங்கடம் வரும். எதிரே வருகிற அலைக்கு அடியில் முங்கி எழும்போது சட்டை சுருண்டு மேலே ஏறும். அதனால் உள்ளே ஒரு முழு நீச்சல் உடை, அதன் மேல் ராஷ் கார்டு, இடுப்பில் சட்டையையும் லெக்கிங்ஸையும் இணைக்கும் கொக்கி. நன்றாகத் தேர்ந்தவர்கள் பாறை உள்ள இடத்துக்குப் போனால் ரப்பர் காலணி போடுவார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் தடிமனான ரப்பர் சூட் நம் கடலுக்குத் தேவையே இல்லை, வெந்நீர் மாதிரிதான் இருக்கிறது. விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் பெண்கள்தானே பேச வேண்டும். சாதாரண நாப்கின் தண்ணீரில் ஊறிப்போகும், பயன்படாது. கப் அல்லது டாம்பன் வைத்துப் பழகியவர்கள் போகலாம். பழக்கமில்லாதவர்கள் வகுப்பை அடுத்த வாரத்துக்கு மாற்றிக் கேட்டால் ஆயிற்று.

இனி இடம். கோவளம் என்று ஒரே பெயரில் பல ஊர் இருக்கிறது, பார்த்து டிக்கெட் எடுங்கள்! கேரளாவில் திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, கன்னியாகுமரி பக்கம் ஒன்று. நான் சொல்வது சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மீனவர் ஊர். அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-ல் சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். ஊர்ப் பையன்களே இன்று பயிற்சியாளர்கள். புதியவர்களுக்கு ஏற்ற மணல் தரையும் உண்டு, தேர்ந்தவர்களுக்குப் பாறை முனையில் நீளமாக வரும் அலையும் உண்டு. முதல் நாளே அந்த முனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம் பிடிக்காமல் இருந்தால் சரி.

மாமல்லபுரத்திலும் பள்ளிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். கமலி மூர்த்தி அந்த ஊர்ப் பெண்தான். அம்மா தனியாளாக நின்று வளர்த்த மகள். ஸ்கேட்டிங், சர்ஃபிங் இரண்டிலும் பேர் வாங்கி, தேசியப் போட்டிகளில் பட்டம் வென்றவள். அவளைப் பற்றி எடுத்த குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை வரை போனது. அந்தப் படத்தை எங்கள் அண்ணாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள், "அந்தப் பள்ளிக்கூடத்துல பொம்பளை வாத்தியார் இருக்காங்களான்னு கேளும்மா" என்றார். எங்களுக்கு அதுவே பெரிய சேதி.

ஆனால் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் பாறையும் சுழிப்பும் உண்டு. கற்றவர்கள் சறுக்குகிறார்களே என்று அங்கே இறங்கிவிடக் கூடாது. சென்னை மெரினாவோ கற்கிற இடமே அல்ல. புதுச்சேரியை ஒட்டிய செரினிட்டி கடற்கரையிலும் கற்றுத் தருகிறார்கள். கரை அரிப்புக்குக் கல் கொட்டியிருக்கும் இடங்களை ஒட்டி இழுப்பு அதிகம், அங்கே பயிற்சியாளரோடு மட்டும்தான். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு நன்றாகத் தேர்ந்தவர்கள் தேடிப்போகும் இடம்.

காலமும் முக்கியம். நம் கிழக்குக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை அலை சின்னது, பயந்தவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். மே முதல் செப்டம்பர் வரை அலை சீராகவும் கொஞ்சம் பெரிதாகவும் வரும், அது தேறியவர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் புயல் நேரத்திலும் மீனவர்களே போகாத கடலுக்கு நாம் ஏன் போக வேண்டும்? மேற்குக் கரையில் இது தலைகீழ். கேரளாவிலும் கர்நாடகாவிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் பொங்கும், அக்டோபருக்கு மேல்தான் பழகலாம். உடுப்பி மாவட்டத்துக் கோடி பெங்ரேயில், இந்தியாவின் முதல் பெண் சர்ஃபர் என்று பேரெடுத்த இஷிதா மாளவியாவின் பள்ளி இருக்கிறது.

இந்த உடுப்புச் சண்டை நம் ஊரோடு முடியவில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்! ஹவாய் தீவுகளில் முன்பெல்லாம் ராணிகளே அலையில் சறுக்கினார்களாம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன வெள்ளைக்காரப் பாதிரியார்கள் உடம்பு தெரிகிறது என்று முகம் சுளித்தார்கள். அந்த விளையாட்டு மங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையில் அருகம்பே பெண்கள் 2018-ல் தங்களுக்கென்று ஒரு சர்ஃபிங் சங்கம் தொடங்கியபோது, வெயிலில் கறுத்துப்போவாய், யார் கட்டிக்கொள்வார்கள் என்றுதான் சொன்னார்களாம். அப்படியே நம் வீட்டுப் பேச்சு!

முதல் வகுப்புக்கு நானும் கூடப் போனேன். அரை மணி நேரம் மணலிலேயே பலகையைப் போட்டுப் படுக்கவும் துள்ளி எழவும் சொல்லிக் கொடுத்தார்கள். பலகை எட்டு, ஒன்பது அடி நீளம், மேலே மெத்து மெத்தென்று நுரை. பெரிய பலகை என்றால் ஆட்டம் குறைவு, அதனால் புதியவர்களுக்கு அதுதான். ஒரு கயிறு பின்னங்காலோடு கட்டியிருக்கும். எங்கள் பெண் பதினோரு தடவை விழுந்தாள், எண்ணிக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் அசையாமல் நிற்கும், கடல் நிற்காது என்பதை நீச்சல் தெரிந்தவள் என்ற தைரியத்தில் போனவள் அன்று புரிந்துகொண்டாள்.

பயிற்சியாளர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் சர்ஃபிங்கே வேண்டாம் என்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவே ஒரு இடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால், "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவோம். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்ப வேண்டும். பலகை இருந்தால் அதை விடவே கூடாது. அதுதான் மிதவை.

வந்ததும் உடுப்பை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்போடு வெயிலில் போட்டால் லைக்ரா விட்டுப்போகும்.

கடலோர ஊர்ச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் பார்த்த கடைகளில் பெரிய அளவு முழுக்கை நீச்சல் உடை கிடைக்கவே இல்லை. எல்லாம் கல்லூரிப் பெண்கள் அளவுதான். அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர், அல்லது திருப்பூர்ப் பக்கம் இந்தத் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும் இடம் தெரிந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். ஜனவரியில் வகுப்பு சேரலாம் என்று இருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

– ஒரு வாசகி, பாலக்கோடு.